மலையின் மூச்சும் சார்ஷெனின் பேரும்

ஃப்ரூன்ஸே நகரத்தில் இருந்த அந்த நிலநடுக்க ஆராய்ச்சி நிறுவனத்துக்கு மாதாமாதம் சுத்தமான ஸ்பிரிட் வரும். கருவிகளின் இணைப்புகளைத் துடைப்பதற்கு என்று மேலிடம் அனுமதித்தது. வந்ததில் பெரும்பகுதி இயக்குநர் அறையோடு நின்றுவிடும். மிச்சத்தைக் கணக்குப் பிரிவும் லாரி ஓட்டுநரும் தீர்த்துவிடுவார்கள். கருவிகளைச் செய்கிற மின்னணுப் பொறியாளர் சார்ஷென், மனைவியின் கொலோன் தண்ணீரைத் திருடிக்கொண்டு வந்துதான் துடைத்தான். அதனால் அந்த நிறுவனத்தின் கருவிகள் எல்லாம் பூவாசம் அடிக்கும். மாஸ்கோவிலிருந்து பார்வையிட வந்த ஒருவர் மோந்து பார்த்துவிட்டு, நல்ல பழக்கம் என்று பாராட்டிவிட்டுப் போனார்.

சார்ஷெனுக்குக் கை சுத்தம், காது அதைவிடச் சுத்தம். ராணுவத் தொழிற்சாலை கழித்துப்போட்ட டிரான்சிஸ்டர்களை அங்கிருந்த கிடங்குக்காரனுக்கு ஆட்டுத்தொடை கொடுத்துப் பெட்டியோடு வாங்கி வருவான். ஒவ்வொன்றையும் சர்க்யூட்டில் மாட்டி, ஹெட்ஃபோனைக் காதில் வைத்து அதன் இரைச்சலைக் கேட்பான். பெட்டி முழுக்கக் கேட்டு முடித்தால் ஒன்றிரண்டு தேறும். அதை உள்ளங்கையில் வைத்து, இது நல்ல வீட்டுப் பிள்ளை, சத்தம் போடாது என்று பக்கத்து மேஜைக்காரர்களுக்குக் காட்டுவான். அவனுக்குக் கர்வம் உண்டு. அதை மறைத்துவைக்கிற பழக்கம் மட்டும் கிடையாது.

மறைத்துவைத்து என்ன செய்ய? அவன் செய்த கருவிகளால் நிறுவனத்தில் பலர் பட்டம் வாங்கினார்கள், வீடு வாங்கினார்கள், கருங்கடல் பக்கம் போய்க் காலை நனைத்துவிட்டு வந்தார்கள். எந்தக் கருவியின் மேலும் அவன் பேர் இல்லை. முகப்பில் ஒரு தகடு இருக்கும், அதில் நிறுவனத்தின் பேர் இருக்கும், அவ்வளவுதான். அவன் மனைவி புருல், ஊர் வழக்கப்படி கணவன் பேரை வாயால் சொல்லமாட்டாள். ஆனால் அது எங்காவது எழுதியிருப்பதைப் பார்க்க அவளுக்கு ஆசை. "பிள்ளைங்க அப்பா இருபது வருஷமா கருவி செய்யறாராம். எதுலயும் பேரைக் காணோம். தினமும் டீக்கடையில போய் உட்கார்ந்துட்டு வர்றாரோ என்னமோ, யாரு கண்டா?" என்று அண்டை வீட்டாரிடம் அவன் காதுபடச் சொல்வாள். சார்ஷென் சிரித்து வைப்பான். ராத்திரி சோறு இறங்காது.

அப்படி இருக்கும்போதுதான் அவன் சாய்வுமானியைச் செய்தான். பூமி சாய்வதை அளக்கிற கருவி. நம் வீட்டின் ஒரு மூலைக்கு அடியில் ஒற்றைக் காகிதத்தைச் செருகினால் வீடு எவ்வளவு சாயுமோ, அதில் பல்லாயிரத்தில் ஒரு பங்கையும் அது எழுதிக் காட்டும். நகரத்துக்கு மேலே மலைப் பள்ளத்தாக்கில், கருங்கல்லைக் குடைந்து போட்ட நீளமான சுரங்கம் ஒன்று நிறுவனத்துக்குச் சொந்தம். கோடையானாலும் குளிரானாலும் உள்ளே ஒரே குளிர்ச்சி. அதன் கடைசி அறையில் கருவியை வைத்து, காகிதச் சுருளில் முள் எழுதும்படி செய்தான்.

ஒரே குளிர்ச்சி என்பது கருவிக்கு மட்டுமா நல்லது? சுரங்கத்தின் காவல்காரர் மனைவி கனிம்பூபு, கோடைமுழுக்கக் குதிரைகளைக் கறந்து குமிஸ் என்கிற புளிப்புப் பால் பானம் போடுகிறவள். வெயிலில் வைத்தால் குமிஸ் சீக்கிரம் புளித்துவிடும், சுரங்க வாசலில் மாட்டினால் பதமாக இருக்கும், மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டாள். ஒரு கிண்ணம் ருசி பார்த்ததும் சார்ஷெனே பாறையில் கொக்கி அடித்துக் கொடுத்தான். அதில் சபா தொங்கியது. சபா என்றால் பால் ஊற்றிப் புளிக்கவைக்கிற குதிரைத்தோல் பை. அதன் வாயிலிருந்து ஒரு நீள மத்து நீட்டிக்கொண்டிருக்கும். வருகிறவர் போகிறவர் எல்லோரும் மத்தைப் பிடித்து நாலு இடி இடித்துவிட்டுத்தான் நகரவேண்டும். இடிக்காமல் தாண்டிப் போகிறவனை வளர்ப்பு சரியில்லை என்பார்கள். யாரும் யோசித்துச் செய்வதில்லை. திறந்த கதவைச் சாத்துகிற மாதிரி கை தானாகப் போகும்.

கருவி வைத்த முதல் கோடையிலேயே முள் துள்ள ஆரம்பித்தது. வரிசையாக ஏறி இறங்கும், நிற்கும், மறுபடி ஏறி இறங்கும். பகலில் மட்டும் வரும். குளிர்காலத்தில் அடங்கிவிடும். இயக்குநர் ஜுமகுல் தைரோவிச் அந்தக் காகிதச் சுருளைத் தரையில் விரித்து, அதன்மேல் காலுறையோடு நடந்து நடந்து பார்த்தார். அவர் முன்பு கம்பளிக் கொள்முதல் துறையில் இருந்தவர். அங்கே ஏதோ தப்பு நடந்துவிட்டதால் விஞ்ஞானத்துக்கு உயர்த்தப்பட்டார். மூன்று நாள் நடந்தபின் அவருக்குப் புரிந்துவிட்டது. பனிப்பாறை உருகும்போது மலையின் பாரம் குறைகிறது, மலை மூச்சு விடுகிறது. அந்த மூச்சுக்குத் தன் பேரையே வைத்தார்.

விஷயம் பரவியது. பார்க்க ஆட்கள் வந்தார்கள். ஆட்கள் வந்த நாளில் மலை இன்னும் பலமாக மூச்சு விட்டது. நகரத்திலிருந்து ஒரு முழுப் பேருந்து வந்த அன்றைக்கு முள் காகிதத்தைக் கிழித்தே விட்டது. மலைக்கும் விருந்தாளியைத் தெரியும் என்று ஜுமகுல் தைரோவிச் அப்போது வேடிக்கையாகத்தான் சொன்னார். அடுத்த கட்டுரையில் அது வேடிக்கையாக இல்லை, நாலு சமன்பாடுகளோடு இருந்தது.

சார்ஷெனும் சும்மா இருக்கவில்லை. கல்யாண வீடுகளில் மலையின் மூச்சைக் கேட்டவன் என்று அவனை மேல் இருக்கையில் உட்காரவைத்தார்கள். பெரிய விருந்தாளிக்கு உரிய ஆட்டுத்தலையை அவன் முன்னால் வைத்தார்கள். ஒரு வீட்டில் பட்டு அங்கி போர்த்தினார்கள். மலை எப்படி மூச்சு விடும் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு மூக்கால் இழுத்துக் காட்டுவான். புருல்கூட டீக்கடைப் பேச்சை நிறுத்திவிட்டாள்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. பிறகு லெனின்கிராடிலிருந்து ஒரு குழு வரப்போகிறது என்று செய்தி வந்தது. கருவியைப் பார்த்துப் பிடித்துப்போனால், தொழிற்சாலையில் செய்து நாடெங்கும் உள்ள நிலையங்களுக்கு அனுப்புவார்கள். செய்தவர் பேரும் தகட்டில் பொறிக்கப்படும் என்று விதியில் இருந்தது. சார்ஷெனுக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. இந்த ஒன்று நடந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் யாருக்கு வேண்டுமானாலும் போகட்டும் என்று நினைத்தான்.

குழு வருவதற்கு முந்தைய வாரம் கருவியைச் சரிபார்க்கத் தனியாகப் போனான். எல்லாம் ஒழுங்காக இருந்தது. வெளியே வந்து, வழக்கம்போல மத்தைப் பிடித்து இடித்துவிட்டு நாலடி நடந்தவனுக்குத் தொப்பியை உள்ளேயே விட்டுவிட்டது நினைவு வந்தது. திரும்பிப் போனான். காகிதத்தில் மை காயாத புதுத் துள்ளல்கள் இருந்தன. கடைசித் துள்ளல் மட்டும் கட்டை. கடைசி இடியைக் கை சலித்து அரைகுறையாக விட்டது அவனுக்கு நினைவிருந்தது.

வெளியே ஓடினான். இரண்டு இடி இடித்துவிட்டு உள்ளே ஓடினான். இரண்டு துள்ளல். மறுபடி வெளியே ஓடி, ஒன்று இடித்து, கொஞ்சம் பொறுத்து மூன்று இடித்தான். காகிதத்திலும் ஒன்று, கொஞ்சம் இடைவெளி, மூன்று. முதலில் அவனுக்கு வந்தது சந்தோஷம்தான். அடேயப்பா, அவ்வளவு தூரத்தில் தொங்குகிற தோல்பையை ஒருவன் இடித்தால்கூட எழுதுகிறதே, இதைச் செய்த கைக்குத் தங்கக் காப்புப் போடவேண்டும் என்று குதித்தான். அப்புறம்தான் ஆட்டுத்தலைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. தொப்பியை எடுத்துக்கொண்டு, போகும்போது மத்தைத் தொடாமல் போனான். கனிம்பூபு அதைப் பார்த்துவிட்டு, தம்பிக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

நேராக ஜுமகுல் தைரோவிச்சிடம் போய், மூத்தவர்களை அழைக்கிற முறைப்படி அகாய் என்று ஆரம்பித்தான்.

"அகாய், மலை மூச்சு விடலை. வாசல்ல சபா தொங்குதுல்ல, நாம இடிக்கிற இடியைத்தான் கருவி எழுதுது."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். வேறு யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டார். இல்லை என்றான். அவருக்கு உயிர் வந்தது. உட்கார்ந்து, டீயில் சர்க்கரையைக் கலக்கினார்.

"மலை எது, குதிரைப்பால் எதுன்னு தெரியாத கருவிக்கு என்ன பேரு சார்ஷென்?"

அவரே பதிலும் சொன்னார்.

"கெட்டுப்போன கருவின்னு பேரு. நான் கருவி செய்யறவன் இல்லப்பா. நீ போட்டுக் குடுத்த கோட்டைப் பாத்து யோசிச்சேன், அவ்வளவுதான். கோடு தப்புன்னா யாரைக் கேப்பாங்க?"

அவர் குரலைத் தாழ்த்தி, தகட்டில் பேர் வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் வாயை மூடிக்கொண்டு உள்ளே உட்காரட்டும், வாசலில் விருந்தாளிகளுக்கு நம் வழக்கத்தைக் காட்டுகிற வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். சார்ஷென் தலையை ஆட்டினான். ஆட்டியபின் தன் தலை இவ்வளவு சுலபமாக ஆடுகிறதே என்று அவனுக்கே வெறுப்பாக இருந்தது.

குழுவின் தலைவி லிதியா கென்ரிகோவ்னா. குள்ளமான, வயதான பெண்மணி. எதையும் நம்பாத முகம். சுரங்க வாசலில் ஜுமகுல் தைரோவிச் வெள்ளைத் தொப்பியும் புன்னகையுமாக நின்றார். விருந்தாளிகள் ஒவ்வொருவர் கையிலும் மத்தைக் கொடுத்து, எங்கள் மண்ணின் மரியாதை என்றார். தலைவிக்கு விளையாட்டு பிடித்துவிட்டது. வேகமாக இடித்தாள். நடுவில் மத்து வழுக்கி, குமிஸ் தெறித்துச் சட்டைக் கை நனைந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

உள்ளே சார்ஷென் கருவிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் வந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காகிதத்தைப் பார்த்தாள். எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது, நடுவில் இந்த ஓர் இடத்தில் மலைக்கு என்ன திக்குவாய் என்று கேட்டாள். பனி சீராக உருகுவதில்லை என்று ஜுமகுல் தைரோவிச் பின்னாலிருந்து சொன்னார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. சார்ஷெனைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சார்ஷென் அந்தத் திக்கலையும், குமிஸ் வாடை அடிக்கிற அவளுடைய நனைந்த சட்டைக் கையையும் பார்த்தான். முள் முதலில் சறுக்கியிருந்தது, பிறகு நடுங்கியிருந்தது, அதற்குப் பிறகு சின்னதாக ஒரு துள்ளல். மத்து வழுக்கியது, அவள் கை உதறியது, பை ஆடி நின்றது, ஒன்றுவிடாமல் எழுதியிருந்தது. இவ்வளவு துல்லியமான வேலையை உருகுகிற பனியின் கணக்கில் எழுதுவதா? அவன் அப்போது வாயைத் திறந்ததற்கு நேர்மை காரணம் என்று யாராவது சொன்னால் அவனே சிரிப்பான். பெருமை பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

"அது மலை இல்லீங்க. அது நீங்க. வாசல்ல மத்தை வழுக்க விட்டீங்கள்ல, அதான் அந்தத் திக்கல்."

லிதியா கென்ரிகோவ்னா தன் நனைந்த கையைப் பார்த்தாள். குழுவில் ஒருவரை வெளியே அனுப்பி, தோன்றியபடி இடிக்கச் சொன்னாள். முள் எழுதியது. அவர் திரும்பி வந்து, தான் இடித்தது எப்படி என்று சொன்னார். காகிதத்திலும் அதுவே இருந்தது. அவளுக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பு.

அவள் சிரித்து முடிப்பதற்குள் ஜுமகுல் தைரோவிச் முன்னால் வந்துவிட்டார். இதற்காகத்தான் இரண்டு வருஷமாகக் காத்திருந்தோம் என்றார். சபாவை மாட்டச் சொன்னதே தான்தானாம். கருவியின் நுட்பத்தைச் சோதிக்க இதைவிட நல்ல முறை உலகத்தில் எங்கே உண்டு, விருந்தாளிகள் தாங்களே கண்டுபிடிக்கட்டும் என்றுதான் சொல்லாமல் வைத்திருந்தோம் என்றார். மலையின் மூச்சு என்று எழுதிய கட்டுரைகள் என்ன ஆயின என்று குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. அவர்களில் இரண்டு பேர் அந்தக் கட்டுரைகளை மேற்கோள் காட்டித் தாங்களும் எழுதியிருந்தார்கள்.

மதியம் காவல்காரரின் கம்பளிக் கூடாரத்தில் விருந்து. மூத்த பெண்ணுக்கு உரியது என்று ஆட்டின் இடுப்புக் கறியைத் தலைவிக்கு வைத்தார்கள். கருவியை ஏற்றுக்கொள்வதாக அவள் அறிவித்தாள். எல்லோரும் கிண்ணத்தை உயர்த்தினார்கள். பிறகு அவள், தகட்டில் யார் பேரைப் போடுவது, செய்தது யார் என்று கேட்டாள்.

அங்கே வயதில் மூத்தவர் முதலில் பேசவேண்டும். ஜுமகுல் தைரோவிச் பேசினார்.

"நாங்க எல்லாருந்தான் செஞ்சோம்."

அவருக்கு அடுத்த வயதுக்காரர் கணக்கர். நாங்க எல்லாருந்தான் என்றார். லாரி ஓட்டுநரும் நாங்க என்றார். சொல்லும்போது அவர் உண்மையாகவே நெகிழ்ந்துபோனார். வரிசை சார்ஷெனிடம் வந்தது. பெரியவர்கள் இருக்கிற சபையில் நான் என்று சொல்வது ரொட்டியை மிதிப்பதற்குச் சமம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் அவன். அவன் நாங்க என்றுதான் ஆரம்பிக்கப் பார்த்தான்.

"நான் செஞ்சேன்" என்றான். தப்பாகக் கேட்டுவிட்டதோ என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இன்னொன்றும் சொன்னான். "நான் ஒருத்தன் செஞ்சேன். ஸ்பிரிட்கூட இல்லாம."

வாசலில் குமிஸ் ஊற்றிக்கொண்டிருந்த கனிம்பூபுவின் கை அப்படியே நின்றது. ஓட்டுநர் இருமினார். ஜுமகுல் தைரோவிச் புன்னகை மாறாமல் கறியை நறுக்கிக்கொண்டே இருந்தார். நறுக்கிய துண்டுகள் மட்டும் வழக்கத்தைவிடப் பெரிதாக விழுந்தன. லிதியா கென்ரிகோவ்னா பேரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லிக் கேட்டு, பையில் வைத்திருந்த காகிதத்தில் குறித்துக்கொண்டாள்.

அவள் சொன்ன சொல் தவறவில்லை. தொழிற்சாலையில் கருவி உருவானது, தகட்டில் பேர் பொறித்தார்கள். இங்கே ஜுமகுல் தைரோவிச்சும் சொன்ன சொல் தவறாதவர்தான். சபா இடிக்கிற தேசிய முறையில் கருவிகளைச் சோதிப்பது எப்படி என்று புதிதாக ஆய்வெழுதி, அதற்கே டாக்டர் பட்டம் வாங்கினார். சார்ஷென்மேல் அவருக்குக் கோபம் இருந்ததாக ஒருவரும் சொல்ல முடியாது. அவனைப் பதவி உயர்த்தினார். கருவிச் சாமான் கிடங்குக்கு அவன்தான் இனி தலைவன். ஸ்பிரிட் சாவி அவன் கையில். நிறுவனமே வந்து அவன் கையைக் குலுக்கியது, அதுவும் காலிப் பாட்டில்களோடு. பற்றவைக்கிற சாலிடர் இரும்பை மட்டும் திரும்பக் கொடுத்துவிடச் சொன்னார்கள். தலைவருக்கு எதற்கு அது?

அத்தோடு இன்னோர் உத்தரவும் வந்தது. நுட்பமான கருவியை மனித நடமாட்டத்திலிருந்து காக்கவேண்டும் என்று, அனுமதி உள்ளவர்கள் மட்டுமே சுரங்கத்துக்குள் போகலாம் என்றார்கள். கிடங்குக்காரர்களுக்கு அங்கே என்ன வேலை? சபாவையும் அகற்றிவிட்டார்கள்.

அடுத்த கோடையில், தொழிற்சாலையில் செய்த முதல் கருவியைச் சுரங்கத்தில் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு சார்ஷென் பேருந்து ஏறினான். அவன் கையால் செய்த பழைய கருவியைக் கழற்றி எங்கோ போட்டுவிட்டார்களாம். அதைப்பற்றி அவன் கேட்கக்கூட இல்லை. தகட்டை ஒரு தரம் பார்த்தால் போதும். எப்படி இருக்கிறது, எழுத்து பெரிதா சிறிதா என்று வந்து சொல்லவேண்டும் என்று புருல் கேட்டிருந்தாள். அவள் கேட்டபோது கிண்டல் செய்யவில்லை, அதுதான் அவனை என்னவோ செய்தது.

காவல்காரர் அவனைக் கண்டதும் எழுந்து நின்றார். பல வருஷம் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றவர்கள். சாவியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி, உத்தரவு இருக்கிறது என்றார். ஒரே நிமிஷம் என்றான் சார்ஷென். மூச்சுக்கூட விடாமல் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றான். காவல்காரர் மறுபடி உத்தரவு என்றார். அவருக்கும் ஓய்வூதியம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனாலும் சார்ஷெனுக்கு அவரை அறையவேண்டும்போல இருந்தது.

இரும்புக் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு திரும்பினான். கனிம்பூபு அவனை வில்லோ மரத்தடியில் உட்காரவைத்து, கிண்ணம் நிறைய குமிஸ் ஊற்றிக் கொடுத்தாள்.

"என் பேரு உள்ள இருக்குக்கா. என்னை விடமாட்டேங்கிறாங்க."

அவள் அவன் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள்.

"பேரையும் ஆளையும் சேத்து உள்ள விடமாட்டாங்க தம்பி. ஒண்ணுதான். நீ அன்னைக்கு எங்க கூடாரத்துல உக்காந்துக்கிட்டுப் பேரைக் கேட்ட. குடுத்துட்டாங்க."

சார்ஷென் கிண்ணத்தை ஒரே மூச்சில் காலி செய்தான். வெயிலில் இருந்த குமிஸ், புளிப்பு தாங்காமல்தான் கண்ணில் நீர் வருகிறது என்று அவளிடம் சொன்னான். அவளும் ஆமாம் என்றாள். வீட்டுக்குப் போனபின் புருல் கேட்டபோது, எழுத்து நன்றாகப் பெரிதாக இருக்கிறது என்று சொல்லிவிட்டான்.